நாவலா, படமா, இரவலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அலமாரியில் இருக்கும் ஃபேன்டசி நாவல்களை நண்பர்களுக்கு இரவல் கொடுப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். டிராகன்களும் மந்திரவாதிகளும் உலவும், முதல் பக்கத்திலேயே ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டும் தடித்த புத்தகங்கள் அவை. வாங்கிப் போனவர் திருப்பித் தர வரும்போது அந்தக் கதையின் படத்தைச் சேர்ந்து பார்ப்போம்; பிறகு நள்ளிரவு வரை பேசுவோம். சிலர் படத்தைப் பார்த்த கையோடு "இதன் புத்தகம் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டு வருவார்கள். அந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கதையின் முடிவைத் தொடும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் புத்தகமா, படமா?

பெரும்பாலும் புத்தகம். காரணம், முகம். நாவலில் ஒருவனை "மழையிலும் வெயிலிலும் அடிபட்ட முகம்" என்று படிக்கும்போது அந்த முகத்தை நீங்களே வரைந்துகொள்கிறீர்கள். படம் பார்த்த பிறகு அந்த இடத்தில் ஒரு நடிகர் வந்து அமர்ந்துவிடுவார். அவரை எழுப்புவது எளிதல்ல. ஹாரி பாட்டரின் கண்கள் நாவலில் பச்சை. தாயின் கண்கள் என்று ஏழு புத்தகங்களிலும் வலியுறுத்தப்படும் கண்கள் அவை. படத்தில் அவை நீலம். படத்தை முதலில் பார்த்தவர்கள் புத்தகத்தில் பச்சை என்று படித்த பிறகும் நீலக் கண்ணையே காண்கிறார்கள். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதை எல்லாருக்கும் பொருந்தும் விதியாக வைத்துக்கொள்ள மாட்டேன். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலைத் தொடங்கி, ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்களின் வம்சத்தையும் அவர்களுடைய புகையிலையையும் பற்றிய முன்னுரையிலேயே சோர்ந்துபோய்ப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. அவர்களிடம் முதல் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். ஊர்ப் பெயர்களும் ஆட்களின் பெயர்களும் பழகிவிட்டால் அந்த நாவலின் நிதானம் தடையாக இருக்காது, அதுவே பிடித்துப்போகும்.

நாவலில் இருப்பதையெல்லாம் அப்படியே படமாக எடுத்தால் என்ன?

நேரம் இடம் கொடுக்காது. திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது திரைத்துறையில் பழகிய கணக்கு. இரண்டு மணி நேரப் படத்துக்கு 120 பக்கம். அதிலும் பாதி வெற்றிடம். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை வாய்விட்டுப் படித்தால் 50 மணி நேரத்துக்கும் மேலாகும். 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் பீட்டர் ஜாக்சன் எடுத்த மூன்று படங்களும் திரையரங்கில் ஓடிய அளவில் சேர்ந்து ஒன்பதேகால் மணி நேரம்தான்.

அதற்காகப் பக்கம் கூடினால் படமும் நீளும் என்று எண்ண வேண்டாம். ஹாரி பாட்டர் வரிசையில் மிகத் தடித்தது ஐந்தாம் நாவல்; அதன் படம் 138 நிமிடம். எட்டுப் படங்களில் நீளமானது இரண்டாவது, 161 நிமிடம். ஆனால் அந்த நாவலோ ஏழில் இரண்டாவது சிறியது. சிறிய புத்தகத்தை ஏறக்குறைய முழுதாக எடுத்தார்கள். பெரிய புத்தகத்திலிருந்து ஒரே ஒரு சரட்டை உருவி எடுத்தார்கள். எந்தச் சரடு என்பதைத் தேடுவதில்தான் ஒப்பீட்டின் சுவாரசியம் தொடங்குகிறது.

அப்படியென்றால் எப்படி ஒப்பிடுவது? விட்டுப்போன காட்சிகளைப் பட்டியல் போட்டால் போதாதா?

போதாது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: விட்டுப்போன காட்சி புத்தகத்தில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது? படத்தில் அந்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள்? யாராவது செய்தால் இழப்பு இல்லை. யாருமே செய்யவில்லை என்றால்தான் ஓட்டை.

மூன்று உதாரணங்கள் சொல்கிறேன். மூன்றும் எனக்கு மிகவும் பிடித்தவை.

எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய 'தி வொண்டர்ஃபுல் விசார்ட் ஆஃப் ஓஸ்' நாவலில் டோரதி அணிவது வெள்ளிக் காலணி. 1939ஆம் ஆண்டுப் படத்தில் அது மாணிக்கச் சிவப்பானது. டெக்னிகலர் வண்ணப்படம் அன்றைக்கு வியப்பாக இருந்தது; மஞ்சள் செங்கல் பாதையில் வெள்ளியை விடச் சிவப்பு எடுப்பாகத் தெரியும். காலணியின் வேலை மாறவில்லை, நிறம்தான் மாறியது. இதில் இழப்பு ஒன்றுமில்லை. அதே கதையில் இன்னொரு மாற்றம் நடந்திருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. நாவலில் மரகத நகரத்துக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் வாயிற்காவலன் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிவிடுகிறான். ஒளியில் கண் கூசும் என்று காரணம் சொல்கிறான். உண்மையில் அந்த நகரம் மற்ற நகரங்களை விடப் பச்சையானது அல்ல, கண்ணாடியின் மாயம். படத்தில் கண்ணாடி கிடையாது, நகரமே பச்சையாக இருக்கிறது. திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பவர் யார் என்பது தெரியவரும் காட்சி படத்திலும் இருக்கிறது, ஆகவே நகரத்தை ஆளும் மந்திரவாதி ஏமாற்றுக்காரர் என்ற செய்தி நமக்கு வந்துசேர்கிறது. ஆனால் ஊர் மக்கள் அத்தனை பேரும் நாள்தோறும் தாங்களே அந்த ஏமாற்றை மூக்கின் மேல் சுமந்துகொண்டிருந்தார்கள் என்ற செய்தி போய்விட்டது. குழந்தைகளுக்கான கதையில் அவ்வளவு கூர்மையான ஓர் எண்ணம் இருந்ததே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் ஆற்றாமையாக இருக்கும்.

இரண்டாவது உதாரணம் அமைப்பு பற்றியது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையின் இரண்டாம் பாகமான 'தி டூ டவர்ஸ்' நாவலின் முதல் பாதி முழுவதும், போரில் ஈடுபடும் அரகார்ன் கூட்டத்தார் பக்கமே கதை செல்கிறது. தீய மோதிரத்தை அழிக்கப் போகும் ஹாபிட்டுகளான ஃப்ரோடோவும் சாமும் என்ன ஆனார்கள் என்று ஒரு சொல் கிடையாது. இரண்டாம் பாதி முழுவதும் அவர்கள் இருவர் பக்கம். போர்க்களத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது. போரில் நிற்பவர்களுக்கு ஃப்ரோடோ உயிரோடு இருக்கிறானா என்று தெரியாதல்லவா? படிக்கும் நமக்கும் அதே இருட்டைத் தருகிறார் டோல்கீன். படம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இங்கும் அங்கும் தாவுகிறது. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பவரை ஒரு பக்கத்துக் கதையை அடியோடு மறந்திருக்கச் சொல்ல முடியாது என்பது இயக்குநரின் நியாயம், அதை ஏற்கிறேன். ஆனால் தெரியாமையின் பாரம் புத்தகத்தில் மட்டுமே கிடைக்கும். படம் பார்த்தவருக்கு நான் இந்த நாவலைக் கொடுக்கும்போது "நடுவில் புரட்டிப் பார்க்காமல் படியுங்கள்" என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

மூன்றாவது, ஓட்டை. 2004இல் வந்த மூன்றாம் ஹாரி பாட்டர் படம், அந்த வரிசையிலேயே அழகானது என்பது என் கருத்து. அதில் பள்ளியின் ரகசிய வரைபடம் ஒன்று ஹாரியின் கைக்கு வருகிறது. அதை உருவாக்கியவர்களின் புனைபெயர்களும் திரையில் தெரிகின்றன. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் ஹாரியின் தந்தையும் அவருடைய மூன்று நண்பர்களும் என்பதைப் படம் சொல்லவே இல்லை. நாவலில் அதுதான் நெஞ்சைத் தொடும் இடம்: தந்தையைப் பார்த்தறியாத பையன் அவர் கையால் செய்த ஒரு பொருளை மாதக்கணக்கில் சட்டைப் பையில் வைத்திருந்திருக்கிறான். இந்த வேலையைப் படத்தில் வேறு எதுவும் செய்யவில்லை. ஒரே ஒரு வசனம் போதுமானதாக இருந்திருக்கும்.

டாம் பாம்படில் படத்தில் இல்லாதது பெரிய குறையா?

எனக்கு இல்லை. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் ஃப்ரோடோ கூட்டத்தார் வழியில் சந்திக்கும் விசித்திரமான காட்டுவாசி அவர். மற்றவர்களை ஆட்டிவைக்கும் மோதிரம் அவரை ஒன்றும் செய்யாது. அவரும் மோதிரத்தைப் பொருட்படுத்துவதில்லை. நாவலில் அது புதிராக நின்று அழகு சேர்க்கிறது. மோதிரத்தைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று பார்வையாளருக்கு அப்போதுதான் கற்பிக்கத் தொடங்கியிருக்கும் ஒரு படத்தில் அவர் வந்தால் அந்த அச்சம் கலைந்துவிடும்.

எனக்கு வலிப்பது வேறொரு வெட்டு. (முடிவைத் தொடுகிறேன், நாவலைப் படிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.) நாவலில் நான்கு ஹாபிட்டுகளும் ஊர் திரும்பும்போது ஊர் பழைய ஊராக இல்லை. மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, அடியாட்கள் அதிகாரம் செய்கிறார்கள், அண்டை வீட்டார் பயந்து வாயடைத்திருக்கிறார்கள். மந்திரவாதியின் துணையில்லாமல் அவர்களே ஊரை மீட்க வேண்டியிருக்கிறது. படத்தில் ஊர் விட்டுப்போனபடியே பச்சைப் பசேலென்று காத்திருக்கிறது. உலகப் போரில் அகழிகளில் நின்ற ஒருவர், வீடு திரும்புவது பற்றி எழுதிய பகுதி அது. தூரத்து மலையில் நடந்த போர் நம் வீட்டுத் திண்ணை வரை வரும் என்பதை அந்த நாவல் சொல்கிறது, படம் சொல்லவில்லை. படத்துக்கு ஏற்கெனவே பல முடிவுகள் இருப்பதால் இன்னொன்றைத் தாங்காது என்ற வாதம் எனக்குத் தெரியும். அது சரியான வாதம்தான். இருந்தாலும் வலிக்கிறது.

ஒரு பாத்திரத்தின் குணத்தையே மாற்றுவது சரியா?

அதே கதையில் ஃப்ரோடோவை வழியில் எதிர்கொள்ளும் படைத்தலைவன் ஃபாரமிர் பற்றித்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். நாவலில் அவன் மோதிரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் விரும்பாதவன். வழியில் கிடந்தாலும் எடுக்க மாட்டேன் என்கிறான். படத்தில் ஃப்ரோடோவைப் பிடித்து மோதிரத்தோடு தன் தந்தையிடம் கொண்டுசெல்லப் புறப்படுகிறான். வழியில்தான் மனம் மாறுகிறான். இருவரில் எனக்கு நாவலின் ஃபாரமிரைப் பிடிக்கும். ஆனாலும் மாற்றியதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் கடைசியில் அவன் செய்வது அதே செயல். அந்தச் செயலுக்கு அவன் வந்துசேரும் பாதையைத்தான் நீட்டியிருக்கிறார்கள்.

குற்றம் என்று நான் கருதுவது வேறு. உர்சுலா லெ குவின் 1968இல் வெளியிடத் தொடங்கிய 'எர்த்ஸீ' நாவல் வரிசையில் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். கதை நடக்கும் தீவுகளில் பெரும்பாலோர் பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தவர்கள், வெள்ளையர் சிறுபான்மையினர். மந்திரவாதி என்றாலே வெள்ளையன் என்ற வழக்கத்தை உடைக்க வேண்டும் என்று திட்டமிட்டு அவர் செய்தது அது. 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் கெட் வெள்ளையனாகிவிட்டான். லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். காட்சியைக் குறைப்பதற்கு நேரம் காரணமாக இருக்கலாம், செலவு காரணமாக இருக்கலாம். தோலின் நிறத்தை மாற்றுவதற்கு அந்த இரண்டுமே காரணமாக முடியாது.

எழுத்தாளருக்கே படம் பிடிக்கவில்லை என்றால் அது மோசமான படம்தானே?

அவசியமில்லை. மிஹாயெல் எண்டே 1979இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நாவல் ஆங்கிலத்தில் 'தி நெவர்எண்டிங் ஸ்டோரி' ஆனது. அது இரண்டு வண்ண மையில் அச்சான புத்தகம்: நம் உலகில் நடப்பவை ஒரு நிறம், கதைக்குள் நடப்பவை வேறு நிறம். 26 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் அகரவரிசைப்படி அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும். 1984ஆம் ஆண்டுப் படம் நாவலின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. எண்டே வழக்குத் தொடுத்துத் தோற்றார். படத்தின் தொடக்கத்தில் தன் பெயர் வரக் கூடாது என்றார், அப்படியே நீக்கப்பட்டது. அவர் கோபம் நியாயமானது. கதைக்குள் போன பையன் அங்கே விரும்பியதெல்லாம் பெற்று, ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஒரு நினைவை இழந்து, தன்னையே மறக்கும் நிலைக்கு வருவதுதான் இரண்டாம் பாதி. அது இல்லாவிட்டால் நாவலின் கேள்வியே இல்லை. ஆனாலும் அந்தப் படத்தைச் சிறு வயதில் பார்த்து, பெரியவர்களான பிறகு புத்தகத்தைத் தேடி என்னிடம் வந்தவர்கள் நான்கு பேர். பாதிக் கதையாவது அவர்களைப் பற்றிக்கொண்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. டயானா வைன் ஜோன்ஸின் 1986ஆம் ஆண்டு நாவலான 'ஹௌல்ஸ் மூவிங் காஸில்' கதையை ஹயாவோ மியாசாகி 2004இல் அனிமேஷன் படமாக்கியபோது நாவலில் ஓரமாக இருந்த போரைக் கதையின் நடுவில் கொண்டுவந்தார். மந்திரவாதி ஹௌல் நம் உலகின் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தவன் என்ற சுவையான உண்மையை விட்டுவிட்டார். கொடிய சூனியக்காரி இரக்கத்துக்குரிய பாட்டியாகிறாள். எண்டே கண்டதை விடப் பெரிய மாற்றங்கள்! ஆனாலும் ஜோன்ஸ் அந்தப் படத்தை மனமாரப் பாராட்டினார். 1973இல் 'தி பிரின்சஸ் பிரைட்' நாவலை எழுதிய வில்லியம் கோல்ட்மேனோ 1987ஆம் ஆண்டுப் படத்துக்குத் தானே திரைக்கதை எழுதினார். பழைய நூல் ஒன்றைச் சுருக்கித் தருவதாகப் பாவனை செய்து அவர் நாவலில் இடைவிடாமல் குறுக்கே பேசிக்கொண்டே இருப்பார். படத்தில் அதை எடுத்துவிட்டு, காய்ச்சலில் படுத்திருக்கும் பேரனுக்குத் தாத்தா புத்தகம் படித்துக் காட்டுவதாக வைத்தார். தன் புத்தகத்தில் எது எழுத்துக்கு மட்டும் உரியது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

ஒரு சிறிய புத்தகத்தை மூன்று படமாக இழுத்தால்?

'தி ஹாபிட்' நாவல் 1937இல் வந்தது. சுமார் 300 பக்கம். 2012 முதல் 2014 வரை மூன்று படங்கள். நாவலில் இல்லாத டாரியல் என்ற பெண் வீராங்கனை வருகிறாள், அந்தக் கதையில் தோன்றாத லெகோலஸ் வருகிறான். பில்போவும் கொல்லமும் இருட்டில் விடுகதை போட்டுக்கொள்ளும் காட்சி அற்புதம். மற்றபடி, உறங்கப்போகும் குழந்தைக்குச் சொல்லும் தொனியில் எழுதப்பட்ட கதை போர்க் காவியத்தின் எடையைச் சுமக்க முடியாமல் தள்ளாடுகிறது.

பொன்னியின் செல்வனையும் இப்படி ஒப்பிடலாமா?

அது வரலாற்றுப் புனைவு, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுவேதான். 1950 முதல் 1954 வரை கல்கி வாரந்தோறும் எழுதிய தொடர், ஐந்து பாகம். ஒவ்வொரு அத்தியாயமும் வாசகரை ஒரு வாரம் காத்திருக்க வைக்கும் கொக்கியோடு முடியும். 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வந்த இரண்டு படங்களில் அந்தக் கொக்கிகளுக்கு வேலையில்லை. வந்தியத்தேவன் ஒட்டுக்கேட்பதும் மாட்டிக்கொள்வதும் தப்புவதும் ஏன் இவ்வளவு முறை நிகழ்கின்றன என்று புத்தகத்தை ஒரே மூச்சில் படிப்பவர்கள் கேட்கிறார்கள். அந்த வாரக் காத்திருப்பை நினைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

படம் பார்த்துவிட்டு வருபவருக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பீர்கள்?

நூலக அறிவியலுக்கு எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகளை வகுத்தார். மூன்றாவது விதி: ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். இரவல் கொடுக்கும் எவரும் இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். நான் "படம் பிடித்ததா?" என்று கேட்பதில்லை, "எந்தக் காட்சி மனத்தில் நிற்கிறது?" என்று கேட்கிறேன். போர்க்காட்சி என்றால் ஒரு புத்தகம், நண்பர்களுக்குள் வரும் பிணக்கு என்றால் வேறு புத்தகம். ஒருவர் மோதிரக் கதையின் படங்களில் சாம் சமைக்கும் காட்சியைச் சொன்னார். அவருக்கு 'தி ஹாபிட்' கொடுத்தேன், மூன்றே நாளில் திரும்பி வந்தது.

தொடர் நாவல்களை மொத்தமாகக் கொடுக்கலாமா?

வேண்டாம். ஒவ்வொரு பாகமாகக் கொடுங்கள். ஏழு புத்தகங்களை ஒன்றாகக் கொண்டுபோகிறவர் அவற்றைக் கண்டே மலைத்துப்போகிறார். முதல் புத்தகமே திறக்கப்படாமல் ஏழும் ஓராண்டு அங்கே தூங்கும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை வாங்க வருபவரோடுதான் நல்ல பேச்சு நடக்கும். மூன்று பாகங்களையும் ஒரே கட்டில் சேர்த்த ஆயிரம் பக்கப் பதிப்புகளை இரவலுக்கு ஒதுக்காதீர்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு அதைப் படிக்க முடியாது, இரண்டு பேர் படிப்பதற்குள் முதுகு பிளந்துவிடும்.

கொடுத்த புத்தகம் திரும்பி வர என்ன செய்வது?

இது புதிய கவலை அல்ல. ஐரோப்பாவின் இடைக்கால நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்திருந்தார்கள்; இங்கிலாந்தின் ஹெர்ஃபர்ட் தேவாலயத்தில் அத்தகைய நூலகத்தை இன்றும் பார்க்கலாம். ஏட்டின் கடைசிப் பக்கத்தில், திருடுபவன் நாசமாகப் போவான் என்று சாபம் எழுதி வைத்தவர்களும் உண்டு. அச்சு வந்த பிறகு உரிமையாளரின் பெயரும் சின்னமும் பொறித்த சீட்டை உள்ளட்டையில் ஒட்டினார்கள். ஓவியர் டியூரர்கூட அத்தகைய சீட்டு வரைந்து கொடுத்திருக்கிறார்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, புத்தகம், வாங்கியவர் பெயர், திரும்பிய தேதி என்று நான்கே பத்திகள். அவர் கண் முன்னாலேயே எழுதுவேன். இது அவநம்பிக்கை அல்ல. வாங்கியவர் ஏமாற்றுவதால் காணாமல் போகும் புத்தகங்களை விட, யாருடையது என்று இருவருமே மறந்துபோவதால் காணாமல் போகும் புத்தகங்களே மிகுதி.

திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறதே?

புத்தகத்தைக் கேட்காதீர்கள், கதையைக் கேளுங்கள். "எந்த அத்தியாயத்தில் இருக்கிறீர்கள்? குகைக்குள் போய்விட்டார்களா?" படித்துக்கொண்டிருப்பவர் உற்சாகமாகப் பதில் சொல்வார், அவருக்கு இன்னும் நேரம் கொடுங்கள். படிக்காமல் வைத்திருப்பவர் இரண்டொரு நாளில் தானாகவே கொண்டுவந்து தருவார். மூன்றாவது முறையும் பதில் மழுப்பலாக இருந்தால் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். "வேறொருவர் படிக்கக் காத்திருக்கிறார்" என்று சொல்லலாம், உண்மையில் காத்திருந்தால் மட்டும்.

நனைந்தோ கிழிந்தோ திரும்பி வந்தால்?

நனைந்த புத்தகத்தை வெயிலில் போடாதீர்கள், தாள் நெளிந்துவிடும். சில பக்கங்களுக்கு ஒன்றாக உறிஞ்சும் வெள்ளைத் தாள்களைச் செருகி, அவை ஈரமானதும் மாற்றி, மின்விசிறிக் காற்றில் விரித்து நிறுத்துங்கள். இரண்டு நாளைக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நேரமில்லை என்றால் பிளாஸ்டிக் பையிலிட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு ஆற அமர உலர்த்தலாம். வழவழப்பான படத்தாள்கள் உலரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அவற்றை முதலில் பிரித்துவிடுங்கள்.

கிழிந்த பக்கத்தில் சாதாரண செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளையும் கறைப்படுத்திவிடும். மெல்லிய தாளும் மாவுப் பசையும் போதும்.

கெடுத்தவர் அதே பதிப்பை வாங்கித் தர முன்வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் மறுபடியும் உங்களிடம் புத்தகம் கேட்க வர வேண்டுமல்லவா?

இரவல் புத்தகத்தில் குறிப்பு எழுதலாமா?

என் புத்தகங்களில் பென்சிலால் எழுதலாம் என்று சொல்லியே கொடுக்கிறேன். மற்றவர் புத்தகத்தில் கேட்காமல் எழுதக் கூடாது. பேனா எங்கும் கூடாது. என்னிடமுள்ள 'ஹௌல்ஸ் மூவிங் காஸில்' பிரதியில் மூன்று பேருடைய கையெழுத்து இருக்கிறது. நாயகி சோஃபி தொப்பிகளோடு பேசிக்கொண்டே தைக்கும் பக்கத்தில் ஒருவர் "இவளுக்கும் மந்திரம் தெரியும்!" என்று எழுதியிருக்கிறார். நாவல் வெகுநேரம் கழித்து வெளிப்படுத்துவதை அங்கேயே கண்டுகொண்டிருக்கிறார். படம் இதைத் தெளிவாகச் சொல்வதே இல்லை.

மின்னூலை இரவல் கொடுக்கலாமா?

பெரும்பாலும் முடியாது. அச்சுப் புத்தகத்தை வாங்கினால் அந்தப் பிரதி உங்களுடையது, கொடுக்கலாம், விற்கலாம். மின்னூலில் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் படிப்பதற்கான உரிமத்தை மட்டுமே. 2009இல் ஒரு விற்பனையாளர், உரிமைச் சிக்கல் காரணமாக, வாசகர்கள் பணம் கொடுத்து வாங்கிய நாவல்களை அவர்களுடைய கருவிகளிலிருந்தே அழித்ததும் பிறகு மன்னிப்புக் கேட்டதும் நடந்திருக்கின்றன. நான் மின்னூல்களும் படிக்கிறேன். இரவல் கொடுக்க விரும்பும் நாவல்களை மட்டும் அச்சில் வாங்குகிறேன்.

நாம் இரவல் கொடுத்தால் எழுத்தாளருக்கு நட்டம் இல்லையா?

நியாயமான கேள்வி. நூலக இரவலுக்காக எழுத்தாளருக்குப் பணம் தரும் ஏற்பாட்டை முதலில் 1946இல் கொண்டுவந்த நாடு டென்மார்க். பிரிட்டன் 1979இல் சட்டம் இயற்றியது. நண்பர்களுக்குள் நடக்கும் இரவலில் அப்படி எதுவும் இல்லை. நான் கண்ட வரையில், முதல் பாகத்தை இரவல் வாங்கிப் பித்துப் பிடித்தவர் இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்கப் பொறுமையின்றிக் கடைக்கு ஓடுகிறார். நகலெடுத்துப் பரப்புவது வேறு. அதற்கு என் புத்தகத்தைத் தர மாட்டேன்.

குழந்தைகளுக்கு எந்த வரிசை?

படிக்கத் தெரியாத வயதென்றால் நீங்கள் படித்துக் காட்டுங்கள், படம் பிறகு. பயம்தான் காரணம். புத்தகத்தில் வரும் அரக்கனைக் குழந்தை தன்னால் தாங்க முடிந்த அளவுக்கே பயங்கரமாகக் கற்பனை செய்துகொள்ளும். திரையில் வரும் அரக்கனின் அளவை வேறொருவர் முடிவு செய்கிறார். படம் பார்த்த பிறகு, "நீ நினைத்த டிராகன் இப்படித்தான் இருந்ததா?" என்று கேட்டு, அதன் டிராகனை வரையச் சொல்லுங்கள். தாள் பெரிதாக இருக்கட்டும்.

திரும்பி வராத புத்தகம் என்று உங்களிடம் ஏதாவது உண்டா?

உண்டு. 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ', லெ குவின் வரிசையின் முதல் நாவல். படம் பார்த்துவிட்டுக் கேட்ட ஒருவருக்குக் கொடுத்தேன். அவர் ஊர் மாறிப் போய்விட்டார், தொடர்பும் விட்டுப்போயிற்று. நோட்டில் அந்த வரியின் நான்காம் பத்தி இன்னும் காலியாகவே இருக்கிறது. வேறொரு பிரதி வாங்கிவிட்டேன். அதைப் பிறகு ஐந்தாறு பேர் படித்தும்விட்டார்கள். கெட் கடலின் விளிம்பில் தன் நிழலை நேருக்கு நேர் சந்திக்கும் பக்கத்தில், முதல் முறை படித்த இரவில் ஓரமாகப் பென்சிலால் இரண்டு வரி எழுதியிருந்தேன். புதுப் பிரதியில் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் நினைவுபடுத்திப் பார்க்கிறேன். என்ன எழுதியிருந்தேன் என்பது வரவில்லை.